கழுத்துத் தமனி: நூலும் உடலும்

நுழையும்முன்

முகத்திற்கு முகம் வேறுபடுவதைக் காண்கிறோம். குரலுக்குக் குரல் வேறுபடுவதைக் கேட்கிறோம். தோலுக்கு அடியில் உள்ள குருதிக்குழாய்களும் நரம்புகளும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அறுவை மருத்துவரோ அதனை ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியில் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வுண்மையை விளக்குகிறது இப்பாடம்.

மூளைக்குச் செல்லும் வழி

தாடைக்குக் கீழே, குரல்வளையின் பக்கத்தில் விரல்நுனிகளை மெல்ல வைத்தால் ஒரு துடிப்பை உணரலாம். அது கழுத்துத் தமனியின் துடிப்பு. கரோட்டிட் தமனி என மருத்துவ நூல்கள் குறிப்பிடுவது இதனையே. ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. கழுத்தின் இருபுறமும் உள்ள இத்தமனிகளை ஒருசேர அழுத்தினால் மனிதர் மயங்கி விழுவர் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர்.

மனித மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும், ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. பின்னர்ப் பயன்படுத்துவதற்கென ஆக்சிஜனைச் சேர்த்துவைக்க மூளையில் இடமில்லை. குருதியோட்டம் முற்றிலும் நின்றுவிட்டால் 10 நொடி அளவில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் மூளைச் செல்கள் மீளாத அழிவை அடையத் தொடங்கும்.

இத்துணை இன்றியமையாத குருதி செல்லும் வழியை நூல்கள் பின்வருமாறு விளக்குகின்றன. இதயத்திலிருந்து எழும் பெருந்தமனி நெஞ்சுக்குள் வில்போல் வளைந்து கீழிறங்குகிறது. அவ்வளைவிலிருந்து மூன்று கிளைகள் தோன்றுகின்றன. முதற்கிளை வலக்கைத் தமனியாகவும் வலப்பக்கக் கழுத்துத் தமனியாகவும் பிரிகிறது. இரண்டாம் கிளை இடப்பக்கக் கழுத்துத் தமனி. மூன்றாம் கிளை இடக்கைக்குச் செல்கிறது. கழுத்துத் தமனி மேலேறி, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்புக்கு அருகில் இரண்டாகக் கிளைக்கிறது. உட்கிளை மூளைக்கும் கண்ணுக்கும் குருதி தருகிறது. வெளிக்கிளை முகத்திற்கும் தலையின் வெளிப்பகுதிகளுக்கும் குருதி தருகிறது. உட்கிளையிலிருந்து கழுத்துப் பகுதியில் வேறு கிளைகள் பிரிவதில்லை.

இவ்விளக்கத்தின் ஒவ்வொரு தொடருக்கும் முன்னால் ‘பெரும்பாலும்’ என்னும் ஒரு சொல்லை இட்டுப் படித்தல் வேண்டும். அச்சொல்லை மறந்ததால் மருத்துவ உலகம் ஒருமுறை நெடுங்காலம் வழிதவறியிருந்தது.

அற்புத வலை

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர், கழுத்துத் தமனிகள் மூளையின் அடியில் நுண்ணிய வலையாகப் பின்னியிருப்பதாக எழுதினார். அதற்கு ‘அற்புத வலை’ என்று பெயர். உயிராற்றலைச் சிந்தனை ஆற்றலாக மாற்றும் இடம் அதுவே என்றும் கருதப்பட்டது. கேலன் பொய் உரைக்கவில்லை. அவர் அறுத்து ஆராய்ந்தவை மாடு முதலிய விலங்குகள். அவற்றின் மூளையடியில் அவ்வலை உண்மையாகவே இருக்கிறது, மனிதரிடம் இல்லை.

மனித உடலை அறுத்துக் கண்ட சிலர் ஐயம் எழுப்பியபோதிலும், கேலனின் நூல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்சி செய்தது. 1543ஆம் ஆண்டில் ஆந்திரேயாஸ் வெசாலியஸ் வெளியிட்ட உடற்கூற்றியல் பெருநூல், மனிதருக்கு அற்புத வலை இல்லை என உறுதிபட உரைத்தது. அவரும் முன்னர் அவ்வலையை நம்பியவரே. மனித உடலில் அதனைக் காண இயலாமையால் விலங்கின் தலையைக் கொண்டு மாணவர்க்குக் காட்டி வந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். கண்முன் இருந்த உடலைவிடக் கையில் இருந்த நூலை அறிஞர்கள் நம்பியதன் விளைவு இது.

இன்றைய நூல்கள் கேலனின் நூலைப் போன்றவை அல்ல; மனித உடலையே ஆராய்ந்து எழுதப்பட்டவை. எனினும், பலருடைய உடல்களைக் கண்டு தொகுத்த பொதுமையையே அவையும் கூறுகின்றன. அறுவை மேசையில் கிடப்பவரோ ஒரு தனி மனிதர்.

அடைப்பும் அறுவையும்

கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் குருதியோட்டம் சுழன்று செல்கிறது. கொழுப்பும் சுண்ணமும் கலந்த படிவு அவ்விடத்தில் எளிதில் சேர்கிறது. புகைப்பிடித்தல், உயர் குருதியழுத்தம், நீரிழிவு, மிகுகொழுப்பு ஆகியன அதனை விரைவுபடுத்துகின்றன. படிவின் மேற்பரப்பு வெடித்தால் அதிலிருந்து சிதறும் துணுக்குகளும் குருதிக்கட்டிகளும் மூளைக்குச் சென்று சிறு தமனிகளை அடைத்துவிடும். அதன் விளைவே பக்கவாதம். சில வேளைகளில், ஒரு கண்ணின் பார்வை திரையிட்டாற்போல் சில நிமிடம் மறைந்து மீளும். அல்லது ஒரு கை வலுவிழந்து மீளும். தானாகச் சரியாகிவிட்டது என்று அதனைப் புறக்கணித்தல் கூடாது. பெரும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக அது இருக்கக்கூடும்.

கழுத்தின் அடைப்பு மூளையைத் தாக்கும் என்னும் தொடர்பைக் கனடா நாட்டு நரம்பியல் அறிஞர் மில்லர் ஃபிஷர் 1951ஆம் ஆண்டில் தெளிவாக எடுத்துரைத்தார். அவ்வடைப்பை அறுவையால் போக்கலாம் என்னும் நம்பிக்கை அடுத்த சில ஆண்டுகளில் வலுப்பெற்றது. இலண்டனில் உள்ள புனித மேரி மருத்துவமனையில் 1954ஆம் ஆண்டு மே மாதம் 66 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அறுவை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய சில மாதங்களில் அவருக்கு 33 முறை தற்காலிக மூளைப் பாதிப்பு நேர்ந்திருந்தது. மூளையின் ஆக்சிஜன் தேவையைக் குறைப்பதற்காக அவருடைய உடல் 28 பாகை செல்சியசு வரை குளிர்விக்கப்பட்டது. ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகிய மூவர் வெளியிட்ட அவ்வறுவையின் குறிப்பு உலகெங்கும் கவனம் பெற்றது. அமெரிக்காவின் மைக்கேல் டிபேக்கி 1953ஆம் ஆண்டிலேயே தமனியைத் திறந்து படிவை நீக்கியிருந்தார். அச்செய்தியை அவர் 1975ஆம் ஆண்டில்தான் வெளியிட்டார்.

இவ்வறுவையின் பயனை 1991ஆம் ஆண்டில் வெளியான வட அமெரிக்க ஆய்வு உறுதிப்படுத்தியது. முன்னறிவிப்புகளுக்கு ஆட்பட்டவர்களில், தமனி 70 விழுக்காட்டுக்கு மேல் குறுகியிருந்தோர் ஆராயப்பட்டனர். மருந்து மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளுக்குள் அப்பக்கத்து மூளையில் பக்கவாதம் அடைந்தனர். அறுவையும் பெற்றவர்களில் அது 9 விழுக்காடாகக் குறைந்தது.

பக்கவாதத்தைத் தடுக்கச் செய்யப்படும் இவ்வறுவையே பக்கவாதத்தை உண்டாக்கவும் கூடும். ஆகவே, மருத்துவரின் கையில் பிழைக்கு இடமில்லை. உடலின் அமைப்பு வழக்கத்திற்கு மாறாக இருக்கும்போது அந்தப் பொறுப்பு மேலும் கனக்கிறது.

வேறுபாடு தோன்றுவது எங்ஙனம்?

கருவின் தொடக்க வாரங்களில் கழுத்துப் பகுதியில் வளைவு வளைவாகத் தமனி இணைகள் தோன்றுகின்றன. வளரும் கருவின் தேவைக்கேற்ப அவற்றுள் சில நிலைக்கின்றன. சில சுருங்கி மறைகின்றன. மூன்றாம் இணையிலிருந்து கழுத்துத் தமனிகள் உருவாகின்றன. மறைய வேண்டிய குழாய் நிலைத்துவிட்டாலோ, நிலைக்க வேண்டிய குழாய் மறைந்துவிட்டாலோ மாறுபட்ட அமைப்பு ஏற்படுகிறது. இத்தகைய மாற்றங்களுள் பெரும்பாலானவை நோயல்ல. அவற்றை உடையவர் தமக்கு அப்படியோர் அமைப்பு இருப்பதை அறியாமலே நெடுங்காலம் வாழ்ந்து மறையலாம். கத்தி நெருங்கும்போதுதான் அம்மாற்றம் பொருள் பெறுகிறது.

தெரிந்து தெளிவோம்

இடப்பக்கக் கழுத்துத் தமனி, பெருந்தமனி வளைவின் முதற்கிளையோடு சேர்ந்து ஒரே இடத்தில் தோன்றுவது உண்டு. பெருந்தமனி வளைவின் மாற்றங்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மருத்துவர் இதனை ‘மாட்டு வளைவு’ என்பர். ஆனால், மாட்டின் பெருந்தமனி வளைவிலிருந்து ஒரே ஒரு பெருங்கிளைதான் எழுகிறது. அதிலிருந்தே மற்றவை பிரிகின்றன. மனிதரிடம் காணப்படும் மாற்றம் அதனை ஒத்ததன்று. பெயர் பொருந்தாது எனத் தெரிந்த பின்னும் வழக்கில் நிலைத்துவிட்டது.

உயரத்தில் பிரியும் தமனி

தமனி பிரியும் இடம் எல்லாருக்கும் ஒரே உயரத்தில் அமைவதில்லை. சிலருக்கு அது தாடையெலும்பின் கோணத்திற்குப் பின்னே மறையுமளவு மேலே இருக்கும். குட்டையான கழுத்துடையோர்க்கு அவ்விடத்தை அணுகுதல் மேலும் கடினம். படிவின் மேல்முனையைக் கண்ணால் காணாமல் அதனை நீக்க முயன்றால் எஞ்சிய துணுக்கு மூளைக்குச் சென்றுவிடும். அம்முனையைக் காண்பதற்காகத் திசுக்களை மிகுதியாக இழுத்தால் அருகிலுள்ள நரம்புகள் நசுங்கும். நாவை அசைக்கும் நரம்பு தமனியின் குறுக்கே செல்கிறது. விழுங்குதலுக்கு உதவும் நரம்பு அதற்கும் மேலே இருக்கிறது.

இத்தகைய நிலையில் மருத்துவர் சில மில்லிமீட்டர் இடத்தையும் திட்டமிட்டே பெற வேண்டும். மயக்க மருந்துக்கான குழாயை வாய்வழியே செலுத்தாமல் மூக்குவழியே செலுத்தினால் வாயை நன்கு மூடலாம். தாடையின் கோணம் முன்னே நகர்ந்து இடம் கிடைக்கும். தேவையெனில் தமனிக்கு மேலே குறுக்கிடும் சிறு தசையை வெட்டுவர். அரிதாகக் கீழ்த்தாடையையே சற்று முன்னே இழுத்து நிறுத்துவர். மூக்குவழிக் குழாயும் தாடையை நிறுத்துதலும் அறுவைக்கு முன்பே முடிவு செய்யப்பட வேண்டியவை. கழுத்தைத் திறந்த பின் செய்ய முனைதல் மிகக் கடினம்.

வளைந்தும் முறுகியும்

உட்கிளைத் தமனி நேராக மேலேறுவதே வழக்கம். சிலருக்கு அது பாம்பு போல் நெளிந்தோ, வளையமாகச் சுருண்டோ இருக்கும். இன்னும் சிலருக்கு அது தொண்டையின் பின்சுவரை ஒட்டி வந்து நிற்கும். தொண்டைக்குள் துடிக்கும் அத்தமனியை அறியாமல் உள்நாக்குச் சதை அறுவை செய்தால் உயிருக்கே கேடு விளையும்.

வேறு சிலரிடம் இரு கிளைகளும் இடம் மாறி முறுகி நிற்கின்றன. வெளிப்பக்கமாக இருக்க வேண்டிய உட்கிளை, வெளிக்கிளைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. முதலில் கண்ணில் படும் தமனியையே உட்கிளை எனக் கொண்டால் பிழை நேரும். உட்கிளைக்குக் கழுத்தில் கிளைகள் இல்லை என்பது அடையாளமாகக் கொள்ளப்படும் விதி. ஆனால், பிடரிக்குச் செல்லும் தமனியோ, தொண்டைக்குச் செல்லும் சிறு தமனியோ உட்கிளையிலிருந்தே தோன்றும் உடல்களும் உள்ளன. அச்சிறு கிளையைக் கவ்வியிட்டு மூடாமல் தமனியைத் திறந்தால், பின்னோக்கிப் பாயும் குருதி பார்வையை மறைத்துவிடும்.

மாற்றம் எப்போதும் தடையாகவே அமைவதில்லை. தேவைக்கு மேல் நீண்டு நெளிந்த தமனியை அடியில் சாய்வாக வெட்டி, சட்டைக்கையை மடிப்பதுபோல் உட்புறம் வெளிப்புறமாகச் சுருட்டிப் படிவை நீக்குவர். பின்னர் மிகுதியான நீளத்தைக் குறைத்து நேராகப் பொருத்துவர். நீளமான தமனியே இம்முறைக்கு ஏற்றதாகிறது.

திரும்பாத நரம்பு

குரல்நாண்களை இயக்கும் நரம்பு விந்தையான வழியில் செல்வது. மூளையிலிருந்து கழுத்து வழியாகக் கீழிறங்கும் பெருநரம்பிலிருந்து அது பிரிகிறது. வலப்பக்கத்தில், கைக்குச் செல்லும் தமனியை அடியில் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகிறது. திரும்பி வருவதனால் அதற்கு ‘மீள்நரம்பு’ என்னும் பொருள்படும் பெயர் அமைந்தது.

நூற்றில் ஒருவர் அளவினரிடம் வலக்கைத் தமனி தனக்குரிய இடத்தில் தோன்றாமல், பெருந்தமனி வளைவின் கடைசிக் கிளையாக இடப்பக்கத்தில் தோன்றி, உணவுக்குழாயின் பின்னே வலப்பக்கம் வருகிறது. உணவுக்குழாயை அது அழுத்தி விழுங்குதலுக்கு இடையூறு செய்வதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் பேஃபோர்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் கண்டறிந்தார். ‘இயற்கையின் விளையாட்டு’ என்று பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து அத்தமனிக்குப் பெயர் வந்தது.

தமனி இடம் மாறினால் நரம்புக்குச் சுற்றிவர எதுவும் இல்லை. ஆதலால், அது கழுத்திலேயே பிரிந்து, கழுத்துத் தமனியின் பின்புறமாக நேரே குரல்வளைக்குச் செல்கிறது. அறுவையின்போது குறுக்கே தென்படும் வெண்ணிற இழையைப் பயனற்ற திசு என்று எண்ணி வெட்டினால் ஒரு பக்கக் குரல்நாண் செயலிழக்கும், குரல் கரகரக்கும். ஆசிரியருக்கும் பாடகருக்கும் வழக்கறிஞருக்கும் அது தொழிலையே இழப்பதாகும். முன்பே ஒரு பக்கத்தில் அறுவை செய்துகொண்டவருக்கு மறுபக்கத்திலும் இவ்வாறு நேர்ந்தால் மூச்சுவிடுதலே தடைப்படலாம். எனவே, இரண்டாம் பக்கத்தில் அறுவை செய்யும் முன் குரல்நாண்களின் அசைவைச் சோதித்தல் வேண்டும்.

மறையாத தமனியும் தோன்றாத தமனியும்

கருவில் முன்பக்கக் கழுத்துத் தமனிகளுக்கும் மூளையின் பின்பகுதிக் குழாய்களுக்கும் இடையே சில இணைப்புகள் குறுகிய காலமே இருந்து மறைகின்றன. மிக அரிதாக அவற்றுள் ஒன்று மறையாமல் வாழ்நாள் முழுவதும் நிலைக்கிறது. நாவசைக்கும் நரம்பு வெளிவரும் மண்டையோட்டுத் துளை வழியாக அத்தகைய ஒரு தமனி மூளைத்தண்டை அடைவதுண்டு. அவ்வுடல்களில், முதுகெலும்பை ஒட்டி மேலேறும் தமனிகள் பெரும்பாலும் மெலிந்திருக்கும். மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டுகூட அந்த ஒரு கழுத்துத் தமனியையே நம்பி வாழும். அதனைக் கவ்வியால் மூடும் மருத்துவர் மூளையின் ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்திவைப்பதாக எண்ணக்கூடாது.

இதற்கு மறுதலையாக, ஒரு பக்கத்து உட்கிளைத் தமனி தோன்றாமலே போவதும் உண்டு. மீயொலிக் கருவியில் அப்பக்கத்தில் குருதியோட்டம் தெரியாதபோது ‘முற்றிலும் அடைபட்டுவிட்டது’ என்று கருதத் தோன்றும். உண்மையைச் சொல்வது எலும்பு. உட்கிளைத் தமனி மண்டையோட்டின் அடியில் ஓர் எலும்புக் கால்வாய் வழியாக உள்ளே நுழைகிறது. தமனி இருந்தால்தான் அதனைச் சுற்றி அக்கால்வாய் உருவாகும். கணினி வெட்டுவரைவுப் படத்தில் அக்கால்வாயே இல்லையெனில் தமனி பிறவியிலேயே இல்லை என அறியலாம். அவருடைய மறுபக்கத் தமனி, இரு பக்க மூளையையும் காக்கும் ஒரே வழியாக இருக்கக்கூடும்.

வில்லிஸ் வளையம்

ஒரு தமனியை மூடிய பிறகும் மூளை எவ்வாறு உயிர்த்திருக்கிறது? மூளையின் அடியில் முன்பின் தமனிகள் வளையமாக இணைந்துள்ளன. ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வளையத்தின் பயனை விளக்கினார். அந்நூலின் படங்களுள் பலவற்றை வரைந்தவர், பின்னாளில் இலண்டனின் புனித பவுல் பேராலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென். ஒரு பக்கத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தும் பக்கவாதம் காணாமல் வாழ்ந்த ஒருவரின் உடலை வில்லிஸ் ஆராய்ந்திருந்தார். ஒரு வழி அடைபட்டால் வளையத்தின் வேறு வழியாகக் குருதி வந்துசேரும் என அவர் உணர்ந்தார்.

இவ்வளையமும் எல்லாரிடமும் முழுமையாக இருப்பதில்லை. மெலிந்த துண்டுகளும் விடுபட்ட துண்டுகளும் மிகப் பலரிடம் உள்ளன. அவர்களுள் சிலருக்கு, தமனியை மூடிய உடனேயே மூளை வாடத் தொடங்கும். அதனை அறிய மருத்துவர் பல வழிகளைக் கையாள்கின்றனர். மூடிய தமனியின் மேற்பகுதியில் எஞ்சும் அழுத்தத்தை அளப்பது ஒரு வழி. மூளையின் மின்னலைகளைப் பதிவது மற்றொரு வழி. மிக எளிய வழி, கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நோயாளியை விழித்திருக்கச் செய்வது. அறுவை நடைபெறும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கக் கையில், அழுத்தினால் ஒலியெழுப்பும் சிறு பொம்மையைக் கொடுப்பர். பொம்மை ஒலிக்கும்வரை மூளைக்குக் குருதி போதுமானது. ஒலி நின்றாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே ஒரு சிறு மாற்றுக்குழாயைத் தமனிக்குள் பொருத்திக் குருதியை அதன்வழியே செலுத்துவர்.

முழு மயக்கம் சிறந்ததா, விழிப்புநிலை சிறந்ததா என்று 3526 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரண்டின் விளைவுகளிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எனவே, எம்முறையைக் கொள்வது என்பதை நோயாளியின் உடல்நிலையும் மனநிலையும் மருத்துவரின் பயிற்சியும் முடிவு செய்கின்றன.

முன்னறிந்து தேர்தல்

இம்மாற்றங்களை எல்லாம் கத்தி எடுப்பதற்கு முன்பே அறிய இன்று வழியுண்டு. 1927ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டின் எகாஸ் மோனிஸ், தமனிக்குள் சாயப்பொருளைச் செலுத்தி மூளையின் குருதிக்குழாய்களை எக்ஸ் கதிர்ப் படமாக எடுத்துக் காட்டினார். இன்று கணினி வெட்டுவரைவும் காந்த அதிர்வுப் படமும் பெருந்தமனி வளைவு தொடங்கி மூளை வரையிலான முழு வழியையும் முப்பரிமாணமாகக் காட்டுகின்றன. மீயொலிக் கருவி அடைப்பின் அளவைச் சொல்லும். தாடைக்குப் பின்னாலும் நெஞ்சுக்குள்ளும் உள்ளவற்றை அது முழுமையாகக் காட்டாது. வழக்கத்திற்கு மாறான ஒரு குறிப்பு தென்பட்டால் முழுப் படமும் எடுத்துப் பார்த்தலே தக்கது.

படம் கிடைத்த பின் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். படிவு மிக உயரத்தில் இருப்பின், அல்லது கழுத்தில் முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருப்பின், தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி வலைக்குழாய் பொருத்துதல் ஏற்றதாகலாம். பெருந்தமனி வளைவு மாறுபட்டோ மிகவும் முறுகியோ இருப்பின் அவ்வழி ஆபத்தானது. குழாய் கூரிய வளைவுகளில் திரும்பும்போது படிவைச் சிதறச் செய்யும். அத்தகையோருக்குக் கழுத்தைத் திறந்து செய்யும் அறுவையே பாதுகாப்பானது. கழுத்தின் அடியில் சிறு கீறலிட்டு, குருதியோட்டத்தைத் தற்காலிகமாகப் பின்னோக்கித் திருப்பி, அங்கிருந்தே வலைக்குழாய் பொருத்தும் முறையும் இப்போது வழக்கில் உள்ளது. ஒருவருக்கு நன்மை தரும் வழி மற்றொருவருக்குத் தீங்காகலாம் என்பதால், எது சிறந்த முறை என்னும் வினாவை ‘யாருக்கு?’ என்று கேட்ட பின்னரே மருத்துவர் விடையளிக்கின்றனர்.

நூலைக் கல்லாதவர் தமனியைத் தேடவே அறியார். பொதுமையை நன்கு கற்றவரே மாற்றத்தைக் கண்டவுடன் அது மாற்றம் என்று உணர்வர். வெண்ணிற இழை ஒன்று குறுக்கிடும்போது, ‘இந்த இடத்தில் இது இருக்க வேண்டியதில்லையே’ என்று அவர் கை ஒரு கணம் நிற்கும். கல்வி அவருக்குத் தந்தது அந்த ஒரு கணம். ஒருவரின் குரலும் நடையும் பேச்சும் அந்த ஒரு கணத்தில் காக்கப்படுகின்றன.